தர்மாமீட்டர் பெட்டியில் பட்டாணி

குளிர் தேசத்துச் சின்ன ஊரான எங்கள் ஆல்டர்விக்கில் வெயில் அடித்தால் பேண்டு வாசிப்போம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். அந்தப் பேண்டில் பெரிய டிரம் சுமக்கிற நோரிஸைக் கட்டிக்கொண்ட பிறகு சிரிப்பு நின்றுபோனது.

விஷயம் இதுதான். 1868 கோடையில் புல்லெல்லாம் கருகி, ஆற்றில் வாத்துகள் நடந்து போய்க்கொண்டிருந்தபோது, ஊர்ப் பேண்டுக்காரர்கள் சிவப்புக் கம்பளி உடுப்பு, பித்தளைப் பொத்தான், உயரத் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு பாலத்திலிருந்து மேட்டுத் தெரு வழியாக நகர மண்டபம் வரை வாசித்துக்கொண்டு போனார்களாம். மண்டபத்து வாசலில் கடைசி அடி விழுந்ததும் மழை கொட்டியதாம். நனைந்து நடுங்கியவர்களுக்கு யாரோ ஒரு புண்ணியவதி கொதிக்கக் கொதிக்கப் பட்டாணி சூப் ஊற்றிக் கொடுத்தாளாம். அவ்வளவுதான், அது விதியாகிவிட்டது. கறுப்பு அட்டை போட்ட புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். நூலகத்துக்குப் பின்னால் முற்றத்தில் இருக்கும் தர்மாமீட்டர், தொடர்ந்து மூன்று நாள் பிற்பகல் மூன்று மணிக்கு இருபத்தெட்டு டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், மறுநாள் நண்பகலில் வெயில் ஊர்வலம். முழு உடுப்பில். முடிவில் கொதிக்கிற சூப். நான் அந்தச் சூப்பை முப்பத்தைந்து டிகிரியில் குடித்திருக்கிறேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்று வாயாரச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இது ஒரு தொந்தரவே இல்லை. முதல் நூறு வருஷத்தில் ஆறே ஆறு ஊர்வலம். என் அம்மா இரண்டைப் பார்த்துவிட்டு ஆயுசு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறில் ஒன்று வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது, நோரிஸுக்குப் பத்தொன்பது, முகமெல்லாம் பீட்ரூட் நிறத்தில் டிரம்மோடு மேடு ஏறிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் அந்த டிரம் பீரோ மேலே தூங்கியது. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒன்று வந்தது, மூன்று வருஷத்துக்கு ஒன்று வந்தது, வருஷா வருஷம் வந்தது. ஒரு கோடையில் நான்கு நடந்தது. நான் சொல்ல வந்த கோடையிலோ ஜூலை பிறந்து ஒரு வாரத்துக்குள் மூன்று முடிந்துவிட்டது. மழை மட்டும் ஒரு தடவையும் வரவில்லை. அதைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது ஊர்வலத்தில் கறிக்கடை வாசலில் நோரிஸ் விழுந்துவிட்டான். டிரம் மட்டும் உருண்டு பாலத்துக்கே திரும்பிப் போனது. கறிக்கடைக்காரர் அவனைத் தூக்கிக் குளிர் அறையில், தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ஆட்டுக்கு நடுவில் உட்கார வைத்தார். மறுநாள் டாக்டர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் ஸ்பிராட்லி, தெளிவாவே சொல்லிடறேன். இந்த உடுப்போட, இந்த வெயில்ல, அந்த மேட்டுல இன்னொரு தடவை ஏறுனீங்கன்னா, இறங்க மாட்டீங்க."

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றான் என் புருஷன். "உங்களுக்கு வேலை ஜாஸ்தி, நேரத்த வீணாக்கிட்டேன்."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நோரிஸ், டிரம்ம வேற யாருகிட்டயாவது குடுத்துடு. இன்னிக்கே."

"கேட்டுப் பாக்கறேன் கண்ணு."

கேட்டுப் பார்த்த லட்சணத்தை நான்தான் பார்த்தேனே. ஒத்திகையில் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, "யாருக்காவது சும்மா ஒரு மாறுதலுக்கு..." என்று இருமலோடு இருமலாகச் சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்களும் கேட்காத மாதிரி டிரம்பெட்டைத் துடைத்தார்கள்.

"சத்தமா சொல்றதுக்கு என்னய்யா கேடு?"

"சத்தமா சொன்னா அவங்க இல்லன்னு சொல்ல வேண்டி வரும். பாவம், அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

செத்தாலும் சாவானே தவிர, அடுத்தவரைச் சங்கடப்படுத்த மாட்டான். எங்கள் ஊரே அப்படித்தான்.

ஊர்வலத்தையே நிறுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். விதியை மாற்ற வருஷக் கூட்டத்தால்தான் முடியும். வருஷக் கூட்டம் ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அன்றைக்கு ஊர்வலம் வந்துவிட்டால் கூட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும் என்று அதே கறுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ஆறு வருஷமாக அந்தச் சனிக்கிழமை வெயில் ஊர்வலத்தைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இதில் என் பங்கு என்னவென்றால், அந்தத் தர்மாமீட்டரைப் படித்து எழுதுகிறவள் நான். இருபத்தொன்பது வருஷம். என் கல்யாணத்தன்றும் மூன்று மணிக்குக் கவுனோடு போய்ப் படித்தேன். ஒரு புள்ளிகூட ஏற்றியோ இறக்கியோ எழுதினது கிடையாது. கிளெண்டா ஸ்பிராட்லி எழுதினால் அது அப்படியே என்று ஊரே சொல்லும், எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒளிப்பானேன்?

அந்த வாரம் புதன்கிழமை இருபத்தொன்பது. வியாழக்கிழமை முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை காலையிலேயே ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. அன்று மூன்று மணிக்கு நான் படிக்கப்போகிற எண்தான் நோரிஸ் சனிக்கிழமை மேடு ஏறுவானா மாட்டானா என்பதை முடிவு செய்யும். அவனோ ஒரு வார்த்தை பேசாமல் பின்கட்டில் உட்கார்ந்து பித்தளைப் பொத்தான்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

எண்ணைப் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் தர்மாமீட்டரே வேறு எண்ணைக் காட்டினால்? காட்டுவதை எழுதுவதுதானே என் வேலை? இப்படி ஒரு வக்கீல் புத்தி எனக்குள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. பதினொன்றரை மணிக்கு ஃப்ரீசரில் இருந்து ஒரு பொட்டலம் பட்டாணியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நூலக முற்றத்துக்குப் போனேன். தர்மாமீட்டர் இருப்பது நான்கு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. அதற்குப் பூட்டு உண்டு. சாவி பக்கத்துப் பூந்தொட்டிக்கு அடியில் இருப்பது ஊரறிந்த ரகசியம். பெட்டிக்குள் ஒரு மூலையில் பட்டாணியை வைத்து, பூட்டி, சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, திருட்டுப் பூனைபோல வீடு வந்தேன். ஒரு பொட்டலம்தான். இருபத்தேழுக்கு இறங்கினால் போதும் என்பது என் கணக்கு.

மூன்று மணிக்கு முற்றத்தில் நாற்பது பேர் மடக்கு நாற்காலியோடு காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் படிப்பதைப் பார்க்க எப்போதும் கூட்டம் வரும். சாட்சிக்குப் பேண்டுத் தலைவர் டெஸ்மண்ட் பிக்கரிங் கறுப்புப் புத்தகத்தோடும், பாதிரியார் ஃபிலிப்பா அம்மா வைக்கோல் தொப்பியோடும் என் இரண்டு பக்கமும் நின்றார்கள். சூப் போடுகிற ஆலிவ் டன்ஸ்டன் முதல் வரிசையில் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நோரிஸ், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு.

கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வெள்ளையாகப் பனிப்புகை வந்து என் முகத்தில் அடித்தது.

பெட்டிக்குள் இடமே இல்லை. என் பட்டாணிக்கு மேலே குச்சி ஐஸ் ஒரு டப்பா. அதற்குப் பக்கத்தில் செங்கல் அளவுக்கு உறைந்த பன்றித்தொடை எலும்புச் சாறு. ஒரு தட்டு ஐஸ் கட்டி, ஒவ்வொரு கட்டிக்குள்ளும் எலுமிச்சைத் துண்டு. எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கி, தர்மாமீட்டரைச் சுற்றி வளைத்து நின்றன. கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன்.

"மைனஸ் இரண்டு," என்று படித்தேன். வேறென்ன செய்ய?

ஃபிலிப்பா அம்மா வானத்தைப் பார்த்தார். ஆலிவ் தன் செருப்பைப் பார்த்தாள். நாற்பது பேரில் ஒருவர்கூடப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தார்கள், ஆனால் பார்க்கவில்லை. இரண்டு பேர் லேசாகக் கைதட்டினார்கள்.

"மைனஸ் இரண்டு," என்றார் டெஸ்மண்ட், தொண்டையைச் செருமிக்கொண்டு. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. "காலையில கொஞ்சம் காத்து அடிச்சுது, நான் கவனிச்சேன். ஆக, வெயில் ஊர்வலம் இல்ல."

ஊரே பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். அந்த மனுஷன் புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. பக்கத்தைப் புரட்டினார்.

"ஆனா பாருங்க, ஒரு சின்ன விஷயம். பதினேழாவது விதி. மூணு மணிக்குத் தர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழ போனா, மறுநாள் மத்தியானம் பனி ஊர்வலம்."

பனி ஊர்வலம் கடைசியாக நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். சிவப்புக் கம்பளி உடுப்புக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கம்பளி ஓவர்கோட்டு. கம்பளிக் கையுறை. கழுத்தைச் சுற்றி மஃப்ளர்.

"அது குளிர்காலத்துக்குப் போட்ட விதி டெஸ்மண்ட்," என்றார் ஃபிலிப்பா அம்மா மெல்ல.

"புத்தகத்துல மாசம் போடல."

"போடல," என்று நாற்பது பேரும் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்கள்.

"நோரிஸ்," என்றார் டெஸ்மண்ட், "ஓவர்கோட்டு இருக்கா?"

"இருக்கு," என்றான் நோரிஸ். முகம் வெளிறிப்போயிருந்தது. "அந்துப்பூச்சி கொஞ்சம் தின்னிருக்கு. பரவாயில்ல."

பரவாயில்லையாம்! எனக்கு உச்சந்தலையில் யாரோ அடுப்பை மூட்டியதுபோல் ஆனது.

"பரவாயில்லயா?" என்று கத்தினேன். எங்கள் ஊரில் ஒரு பெண் நூலக முற்றத்தில் கத்தி யாரும் கேட்டதில்லை. ஒரு நாற்காலி தானாக மடங்கிக்கொண்டது. "இவ்வளவு வெயில்ல ஓவர்கோட்டப் போட்டுக்கிட்டு மேட்டுல ஏறப்போற, பரவாயில்லயா? டாக்டர் என்ன சொன்னாரு? அந்தப் பட்டாணி என்னுது! கேட்டுக்குங்க எல்லாரும். நான்தான் வெச்சேன். இருபத்தொன்பது வருஷமா ஒரு புள்ளி தப்பா எழுதாதவ, இன்னிக்குத் திருட்டுத்தனம் பண்ணிட்டேன். என் புருஷன் சாகக் கூடாதுன்னு பண்ணேன். இந்தக் கணக்கு செல்லாது!"

"கிளெண்டா, தயவுசெஞ்சு," என்று டெஸ்மண்ட் கெஞ்சினார். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! வெறும் பட்டாணியில மைனஸ் இரண்டு வருமா? இது யாருது?" குச்சி ஐஸ் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக என் சட்டைக் கைக்குள் வழிந்தது.

வைக்கோல் தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அது... ஞாயித்துக்கிழமை பைபிள் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வாங்கினது. ஆண்டவர் என்ன மன்னிக்கணும்."

"இந்த எலும்புச் சாறு?"

"சூப்புக்கு வெச்சிருந்தது கண்ணு," என்றாள் ஆலிவ். "அத உள்ள வெச்சா தர்மாமீட்டரும் இறங்கும், நாளைக்கு நான் சூப்பும் போட வேண்டியதில்ல. இந்த வருஷம் மூணு அண்டா கிண்டிட்டேன். கொப்புளத்தப் பாரு."

"எலுமிச்சத் துண்டு போட்ட ஐஸ்?"

ஊரில் ஐஸ் கட்டிக்குள் எலுமிச்சை வைத்து ஜின் குடிக்கிற ஆள் ஒரே ஒருத்தர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். டெஸ்மண்ட் பிக்கரிங் கறுப்புப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நூத்தி ஐம்பது வருஷப் பாரம்பரியம்," என்று முணுமுணுத்தார். "எனக்கு மட்டும் அந்தத் தொப்பி தலைய அமுக்காதா?"

எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் புல்லில் போட்டேன். பெட்டியின் பின்சுவரை ஒட்டி, தர்மாமீட்டரின் அடிக்குமிழில் முட்டுக்கொடுத்தபடி, கடைசியாக ஒன்று இருந்தது. மீன் பிடிக்கப் போகும்போது டப்பாவில் வைக்கிற நீல நிற ஐஸ் பலகை. அதன் மேல் மையில் இரண்டு எழுத்து: என். எஸ். அந்த எழுத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

திரும்பி நோரிஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயுமா?"

"ஒரு மணிக்கு வந்தேன். உன் பட்டாணியப் பாத்தேன். போதாதுன்னு தோணிச்சு."

"உனக்கும் பயமா இருந்துச்சா?"

"மூணு வருஷமா இருக்கு கண்ணு. ஒவ்வொரு தடவையும் பாலத்துல நிக்கறப்போ, திரும்பி வீட்டுக்கே ஓடிடலாமான்னு இருக்கும்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவியே."

நான் பட்டாணிப் பொட்டலத்தால் அவன் தோளில் ஒன்று போட்டேன். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன் தனியாகக் கிடந்து பயந்திருக்கிறான் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. நாற்பது பேரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெட்டியில் கை வைத்த நாளின் கணக்கு செல்லாது. அதுவும் விதிதான், நான்காவது. மூன்றாம் நாள் கணக்கு இல்லையென்றால் ஊர்வலம் இல்லை. வெயிலுக்கும் இல்லை, பனிக்கும் இல்லை. ஊர்வலம் இல்லையென்றால், ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சனிக்கிழமை வருஷக் கூட்டம்.

கூட்டம் எப்படி நடத்துவது என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. வராதவர்களின் மன்னிப்புக் கடிதங்களை வாசிக்க அரைமணி நேரம். டீயை இப்போது குடிப்பதா பிறகா என்று ஒரு மணி நேரம். அதன் பிறகு ஊர்வலத்தை நிறுத்தலாமா என்ற பேச்சு வந்ததும் மண்டபம் இரண்டுபட்டது. நிறுத்துவதா, நம் காலத்திலா, தாத்தாக்கள் என்ன நினைப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் குமுறினார்கள். அப்போது என் பக்கத்தில் ஒரு கை மேலே போனது. ஐம்பது வருஷமாகக் கூட்டங்களில் உயராத கை.

நோரிஸ் எழுந்து நின்றான். சுவரைப் பார்க்கவில்லை. "எனக்கு வாசிக்கணும்னு ஆசைதான்," என்றான். "சாகத்தான் ஆசையில்ல. அவ்வளவுதான். எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

அவன் உட்கார்ந்தான். அடுத்து ஆலிவ் பேசினாள். "அபூர்வமா நடக்கறத கொண்டாடத்தானே இந்த ஊர்வலம் வந்துச்சு? அப்போ வெயில் அபூர்வம். இப்போ எது அபூர்வம்? அதுக்கு வாசிப்போமே."

அப்படித்தான் விதி மாறியது. பழைய ஊர்வலம் இரண்டும் அடிபட்டுப்போயின. இனி ஜூலையிலோ ஆகஸ்டிலோ தொடர்ந்து மூன்று நாள் மூன்று மணிக்குப் பதினெட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் ஊர்வலம். முழு உடுப்பில். முடிவில் சூப். எல்லோரும் கை தூக்கினார்கள், டெஸ்மண்ட் இரண்டு கையையும் தூக்கினார். அடுத்து, பெட்டியில் கை வைத்ததற்காக என்னைத் தர்மாமீட்டர் வேலையிலிருந்து எடுப்பது என்று தீர்மானம். அதற்கும் எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், நியாயம் நியாயம்தானே. வேலை ஃபிலிப்பா அம்மாவுக்குப் போனது. குச்சி ஐஸை ஒருவரும் மறுபடி குறிப்பிடவில்லை.

இது நடந்து இரண்டு கோடை போய்விட்டது. ஊர்வலம் இன்னும் ஒன்றுகூட நடக்கவில்லை.

டிரம் எங்கள் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நோரிஸ் தினமும் தூசி தட்டுவான். காலையில் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டுவான். "நாளைக்குக் குளிருமா கண்ணு?" என்று கேட்பான். எனக்கென்ன தெரியும்? "பாக்கலாம்" என்பேன்.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை பதினேழு வந்தது. செவ்வாய்க்கிழமை பதினேழரை. ஊரே ஆடிப்போய்விட்டது. கறிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு டிரம்பெட்டுக்கு எண்ணெய் போட்டார். ஆலிவ் கொப்புளத்தையெல்லாம் மறந்து அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். புதன்கிழமை மதியம் நோரிஸ் முழு உடுப்போடு கூடத்தில் வந்து நின்றான், பொத்தானெல்லாம் மின்ன. அறுபத்தெட்டு வயசுக்காரன் பத்தொன்பது வயசில் மேடு ஏறினவன் மாதிரியே நின்றான்.

இரண்டே முக்காலுக்கு நான் நூலக முற்றத்து வேலிக்கு வெளியே நின்றேன். மேகம் விலகிக்கொண்டிருந்தது. என் கைப்பையில் ஒரு பொட்டலம் பட்டாணி இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பூந்தொட்டி நான்கடி தூரத்தில், சுற்றி ஒரு ஆள் இல்லை. பைக்குள் கையை விட்டு அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன், விரல் மரத்துப்போகும் வரை.

மூன்று மணிக்கு ஃபிலிப்பா அம்மா பெட்டியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு தடவை பார்த்தார். "இருபத்தி ரெண்டு," என்றார். யாரும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நோரிஸ் மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த வருஷம் வரும் கண்ணு," என்றான்.

"வரும்," என்றேன்.

பட்டாணி பைக்குள் முழுக்கக் கரைந்துவிட்டிருந்தது. வீணாக்குவானேன் என்று அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அதைத்தான் வேக வைத்தேன்.